ஒரு படி தவிடு

என் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. புதுச்சேரி உழவர்கரையில் தாத்தா கட்டிய பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் புது வீட்டில் முதல் பால் காய்ச்சுவது அந்த வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமை. அம்மா அதற்கென்று ஒரு மாதமாகப் புடவை தேடி, அன்றைக்கு விடிவதற்கு முன்பே குளித்து, புதுப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். போனால், அடுப்புக்கு முன்னால் மாமியின் அக்கா உட்கார்ந்து ஜாம் ஜாமென்று பாலை ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

என் அம்மா வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளா? எழுபத்தைந்து வயது தாண்டியும் குரல் மட்டும் இருபத்தைந்திலேயே நின்றுவிட்டது அவளுக்கு. "ஏண்டா, எங்கப்பன் வூட்டுல பால் காய்ச்ச எவளோ வரணுமா? நா இன்னா செத்தா பூட்டேன்?" என்று ஆரம்பித்தாள். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மூன்று நாளாகத் தூங்காத மனிதர். ஐயர் ஒரு பக்கம் நேரம் போகிறது என்கிறார், சமையல்காரர் ஒரு பக்கம் காஸ் தீர்ந்துவிட்டது என்கிறார். அந்த எரிச்சலில் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"தவிட்டுக்கு வாங்குனவளுக்கு இவ்ளோ ரோஷம் ஆவாதுக்கா."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்தால், அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற எமனை ஏமாற்ற வேண்டும். பிறந்த குழந்தையை வேற்று மனுஷி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவளிடம் ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வார்கள். பிறகு ஒரு நல்ல நாளில் அதே ஒரு படி தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலைக்கு வந்த சரக்கு. எமன் கண்ணுக்குத் தெரியாதாம். தாத்தா மில்லில் வேலை செய்த காலத்தில் முதல் பிள்ளைகள் தங்கவில்லை, அதனால் அம்மாவைத் தவிட்டுக்குக் கொடுத்து வாங்கினார்கள் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். ஊரில் பாதி வீட்டில் இந்தக் கதை உண்டு. சேட்டை பண்ணுகிற பிள்ளையை அழவைக்கவும் இதையே சொல்வார்கள். நானே என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐம்பது பேர் நிற்கிற பந்தலில், அக்காவைப் பார்த்து ஒரு தம்பி அந்தக் குரலில் சொன்னால் அது வேடிக்கை இல்லை.

அம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் என்னோடு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கலுக்கு மாமா சீர் எடுத்துக்கொண்டு வந்தபோது உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் கேட்டாள்:

"ஏண்டி, அவன் சொன்னது நெசமா இருந்தா, எனக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு இல்லவே இல்லியா?"

"உளறாதம்மா. வெள்ளைக்காரன் காலத்துல மேரி ஆபீசுல பதிஞ்ச பொறப்புப் பேப்பர் இருக்குது. அதுல உங்கப்பா அம்மா பேரு இருக்குது" என்றேன்.

"பேப்பர்ல எதையும் எழுதலாம்" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் சொன்ன வார்த்தை அது. ஒரு பெண்ணுக்கு எத்தனை வயதானாலும், கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒரு வாசல் வேண்டும். புருஷன் செத்து, தலை நரைத்து, மகள் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் போயிற்று என்றால் அவள் யாரைத்தான் திட்டுவாள்?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளிடம் புலம்பினேன். அவள் ஒரு டப்பாவை வரவழைத்து அனுப்பினாள். எச்சிலை ஒரு குழாயில் பிடித்து அனுப்பினால், அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து, உலகத்தில் இதே மாதிரி எச்சில் அனுப்பியவர்களில் யாரெல்லாம் சொந்தம் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார்களாம். மாமாவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும் என்றாள். மாமாவிடம் கேட்க என் ரோஷம் விடவில்லை. முதலில் அம்மா மட்டும் என்றேன்.

எச்சில் பிடித்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அரை மணி நேரம் எதுவும் வாயில் போடக் கூடாது. அம்மாவோ பேச்சுக்கு நடுவில்கூட வெற்றிலையைத் தேடுகிறவள். வாய் காய்ந்துவிட்டது, ஒரு சொட்டு வரவில்லை. கடைசியில் புளியங்காயை வாங்கிவந்து அவள் முன்னால் உட்கார்ந்து நான் கடித்துத் தின்றேன். "பாவி, எனக்கும் ஒரு துண்டு குடுடி" என்று கெஞ்சிக்கொண்டே குழாயை நிரப்பினாள். கோடு வரைக்கும் வந்ததும் மிச்சப் புளியங்காயைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஆறேழு வாரம் கழித்து மகள் போன் பண்ணினாள். பட்டியல் முழுக்கத் தூரத்துச் சொந்தம், பெயரே கேள்விப்படாதவர்கள். ஆனால் முதலிடத்தில் ஒருத்தி நெருக்கமாக இருந்தாள். பிரான்சில் இருக்கிற நாற்பது வயதுப் பெண். கூடப்பிறந்தவளை விடக் குறைவு, அண்ணன் மகளை விட அதிகம் என்கிற அளவுக்கு இரண்டு பேருக்கும் ஒற்றுமை. அப்பா ஒருவர், அம்மா வேறு என்கிற மாதிரி சகோதரியாக இருக்கலாம் என்று கம்பெனிக்காரன் போட்டிருந்தான்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அப்படியென்றால் தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது! தட்டாஞ்சாவடி ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தேன். கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாம் பார்க்க, வெளியே போய் மாமாவுக்கு போன் போட்டேன்.

"எங்கம்மாவ அத்தன பேர் முன்னாடி சொன்னீங்களே, உங்கப்பா யோக்கியதய மொதல்ல கேளுங்க" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு வயசு இன்னா?"

"நாப்பது."

"எங்கப்பா சாவும்போது நீ ஆறாங்கிளாஸ் படிச்சே. செத்து அஞ்சு வருஷம் கழிச்சி வந்து புள்ள பெத்தாரா?"

நான் போனைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றேன். என் கோபமே இப்படித்தான், கணக்குப் பார்க்கிற வரைக்கும் காத்திருக்காது. மாமா அதோடு விடவில்லை. "எனக்கும் அந்த டப்பா ஒண்ணு வரவழம்மா. அக்காகிட்ட சொல்லாத. நானும் அவளும் ஒரே ரத்தம்னு பேப்பர் வந்தா அத எடுத்தினு வந்து அவ கால்ல வுழுறேன்" என்றார். அதுவரைக்கும் அவர்மேல் இருந்த கோபத்தை அன்றைக்குத்தான் நான் இறக்கி வைத்தேன்.

இதற்கு நடுவில் பிரான்சுப் பெண்ணுக்கு மகள் மூலமாக ஒரு செய்தி அனுப்பினோம். நாங்கள் புதுச்சேரி, நீங்கள் எந்த ஊர், உங்கள் அப்பா அம்மா யார் என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தோம். மறுநாளே பதில் வந்தது. "பிரெஞ்சு நேஷனாலிட்டி விஷயமா இருந்தா தயவுசெஞ்சி எழுதாதீங்க. ஏற்கனவே ரெண்டு பேரு இப்படித்தான் சொந்தம்னு வந்தாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவளைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் யாராவது திடீரென்று பழைய சொந்தத்தைத் தோண்டினால் எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். தாத்தா பெயரில் பிரெஞ்சுப் பேப்பர் கிடைக்குமா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் கிடைக்குமா, விமானம் ஏறலாமா என்று. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பிரான்சை நீங்களே வச்சிக்குங்க" என்று எழுதச் சொன்னேன். மகள் எழுதவில்லை. நல்ல வேளை.

மாமாவின் பரிசோதனை முடிவு வந்தது. அம்மாவின் பட்டியலில் மாமா இல்லை. மேலே இல்லை, கீழே இல்லை, தூரத்துச் சொந்தமாகக்கூட இல்லை.

மாமா என் வீட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடைவரைக்கும் வந்துவிட்டு உள்ளே வரப் பயந்து நின்றார். நான்தான் போய்ப் பார்த்தேன். அறுபது வயது தாண்டிய மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "வாய்க்கு வந்தத சொன்னேம்மா. சும்மா எல்லாரும் சொல்ற பேச்சுதானன்னு சொன்னேன். அது நெசமாப் பூடுச்சே" என்றார். அக்காவைத் திரும்ப வாங்கத்தான் அவர் எச்சில் கொடுத்தார், அதுவே அக்கா இல்லை என்று சொல்லிவிட்டது.

அம்மாவிடம் மறைக்க எனக்குத் துப்பில்லை. நேராகச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. வெற்றிலையை எடுத்து நீவினாள். பிறகு, "அந்தப் பிரான்சுக்காரி எனக்கு இன்னா வேணும்?" என்றாள்.

"அதான் புரியலம்மா. தங்கச்சின்னா கொறச்சலா இருக்குது. அண்ணன் தம்பி மகள்னா அதிகமா இருக்குது. கம்பெனிக்காரனுக்கே தெரியல."

"இதுல இன்னாடி தெரியாததுக்கு? அவ அப்பன் எனக்கு அண்ணனோ தம்பியோ. அவன் அக்கா மவளக் கட்டியிருப்பான். அப்ப அந்தப் பொண்ணுக்கு அப்பன் பக்கமும் எங்க ரத்தம், ஆத்தா பக்கமும் எங்க ரத்தம். அதிகமாத்தான் காட்டும்."

நான் வாயைப் பிளந்தேன். படித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போன என் மகள், கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கம்பெனிக்காரன், நான், யாருக்கும் தோன்றவில்லை. அக்கா மகளைக் கட்டிக்கொள்கிற ஊர்க்காரிக்கு அது ஒரு நொடியில் தோன்றிவிட்டது. அந்தக் கம்பெனியில் நம் ஊர் ஆயிரம் கல்யாணத்தைப் பார்த்த ஒரு அத்தையை உட்கார வைத்திருந்தால் இத்தனை குழப்பம் இருந்திருக்காது.

மகளிடம் சொல்லி ஒரே ஒரு வரி அனுப்பச் சொன்னேன். "உங்க அப்பா அக்கா மகளைக் கட்டினாரா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவவில்லை, அவளே கூப்பிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை பயந்து பயந்து பேசினாள். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்? எங்கப்பா எங்கம்மாவுக்குத் தாய்மாமன்தான். அம்மாவோட அம்மா அவருக்குச் சொந்த அக்கா." பிரெஞ்சுப் பேப்பருக்காக வருகிறவன் எவன் இப்படிக் கேட்பான்? அவள் பிறந்தது பிள்ளைச்சாவடி. மீன்பிடிக் குடும்பம். பிரான்சு மாப்பிள்ளை அமைந்ததில் அங்கே போனவள். அப்பா இப்போது இல்லை. அப்பாவின் அந்த அக்கா, அதாவது அவள் அம்மாவைப் பெற்றவள், எண்பத்தைந்து வயதில் பிள்ளைச்சாவடியில் மகளோடு இருக்கிறாளாம். தவிட்டுக் கதையை நான் சொன்னதும், "நான் ஊருக்குப் பேசிட்டு வரேங்க" என்று வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தக் கிழவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

"அந்தப் புள்ள பொழச்சிக்கினு இருக்குதா?"

நான் போனை அம்மா காதில் வைத்து அதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அம்மா கேட்டாள். முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

மறுவாரம் கிளம்பினோம். காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. பக்கத்தில் மாமா நின்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அவர்கள் இருவரும் முகம் பார்த்து.

"இவன் எதுக்கு?" என்று என்னைக் கேட்டாள் அம்மா.

"நா ஒனக்குத் தம்பி இல்லன்னு பேப்பர் சொல்லுது. ஆட்டோவுக்குத் துணையா வந்தவன்னு நெனச்சிக்கினு ஏறு" என்றார் மாமா. அம்மா ஏறிக்கொண்டாள். காலாப்பட்டு ரோட்டில் ஒரு திருப்பத்தில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டவள், அப்புறம் கையை எடுக்கவில்லை.

பிள்ளைச்சாவடியில் கடல் அரிப்புக்குப் பாறாங்கல் கொட்டியிருக்கிற இடத்துக்கு இரண்டு வரிசை உள்ளே அந்த வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவி. அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதே நெற்றி, அதே முன்கோப மூக்கு. எச்சில் குழாயே தேவை இருந்திருக்காது. அம்மா அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பெரியம்மா முறையாகிற அந்தக் கிழவி அவள் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், மீன் வாங்குகிறவள் பார்க்கிற மாதிரி.

அம்மா சுற்றி வளைக்கத் தெரியாதவள். "என்ன வேணான்னு குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"யாரு சொன்னா அப்படி?" பெரியம்மாவுக்குக் கோபம் வந்தது. "எங்கூட்டுலதான் புள்ள தங்கல. மொதல்ல நானு. எனக்கப்பறம் மூணு, மூணும் பூடுச்சி. அப்பறம் நீ. அம்மா மில்லு லைன் வூடுங்கள்ல மீன் விக்கும். அங்க ஒரு அம்மா வாடிக்க, ஏழு வருஷமாப் புள்ள இல்ல அதுக்கு. பதினோராம் நாளு உன்ன அதுங்கிட்ட குடுத்துட்டு ஒரு படி தவிடு வாங்கினு வந்துச்சி. ஒரு வருஷத்துல மீட்டுக்குறேன்னு பேச்சு."

நாங்கள் காலம் காலமாகக் கதையைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். பிள்ளைகள் செத்தது தாத்தா வீட்டில் இல்லை. தவிடு கொடுத்தவர்கள்தான் தாத்தா வீட்டுக்காரர்கள்.

"மீட்கலியா?" என்றாள் அம்மா.

"வந்தோமே. தவிட்ட நாந்தான் தூக்கினு வந்தேன், அப்ப எனக்குப் பத்து வயசு. அந்தம்மா உன்னக் குளிப்பாட்டி, பொட்டு வச்சி, புதுச் சட்ட போட்டுக் கையில குடுத்துட்டு அந்தாண்ட திரும்பி நின்னுக்கிச்சி. நீ கொழுக்குமொழுக்குன்னு நடக்குற. அம்மா உன்னத் தூக்கி மோந்து பாத்துச்சி. அப்பறம் கீழ எறக்கி வுட்டுடுச்சி. 'இங்க பொழைக்குது. என் வூட்டுக்கு வந்தா தங்குமோ தங்காதோ'ன்னுச்சி. திரும்பி நடந்துடுச்சி. நா அழுதுகினே பின்னால ஓடுனேன். அந்தத் தவிட்ட அம்மா வர்ற வழியில யாரோட மாட்டுக்கோ கொட்டுச்சி."

"அப்பறம் என்னப் பாக்க வரலியா?"

"அந்தப் பக்கமே கூடை எடுத்தினு போவல. பாத்தா உன்னத் திருப்பிக் கேட்டுடுவேன்னு பயம். ஆனா எத்தினி புள்ளன்னு யாரு கேட்டாலும் சாவுற வரைக்கும் மூணுன்னுதான் சொல்லும். நானு, நீ, அப்பறம் பொறந்த தம்பி. வூட்டுல நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம், அது மூணுன்னுதான் சொல்லும்."

அம்மா வாய்விட்டு அழுதாள். எழுபத்தாறு வயதில், பத்து வயதுப் பெண் மாதிரி, மூக்கு ஒழுக அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

பெரியம்மா மகளை உள்ளே அனுப்பினாள். அவள் ஒரு முறத்தை எடுத்துவந்து மாமாவுக்கு முன்னால் வைத்தாள். முறம் நிறையத் தவிடு. முதல்நாளே தீவனக் கடையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறாள் கிழவி.

"தம்பி, நீதான அந்த வூட்டு ஆம்பள? இந்தா ஒரு படி. எமன் இனிமே ஏமாந்தா இன்னா, ஏமாறாட்டி இன்னா. எங்க புள்ளயக் குடு" என்றாள்.

மாமா முறத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இரண்டு கையாலும் முறத்தைத் திருப்பித் தள்ளினார்.

"குடுக்க முடியாதும்மா. கோவிச்சிக்காதீங்க. எங்கக்காவ எதுக்கு நா குடுக்கணும்? என்னத் தூக்கி வளத்தவ."

"பேச்சு ஒரு வருஷம்தான?"

"அது பெரியவங்க பேசுனது. நா பேசல." குழந்தை மாதிரி அடம் பிடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா? நா இன்னா சந்தைக்கு வந்த ஆடா?" என்றாள் அம்மா. அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ கெளம்புடி, ஃபேக்டரிக்கு நேரமாவல? நா ரெண்டு நாளு பொறந்த வூட்டுல இருந்துட்டு வரேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீ எதுக்குடா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்குற? இங்கேருந்து நேரா உன் வூட்டுக்குத்தான் வருவேன். எனக்கு அதுவும் பொறந்த வூடுதான்."